உத்வேகப் பொத்தான்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதற்கப்புறம் பல்லாயிரம் ஆண்டுகள் சில்லறைக் கண்டுபிடிப்புகளில் பொழுதைப் போக்கிவிட்டு, கடைசியில் ஜப்பானின் குரே நகரத்தில், குசுனொகி கார்க் கம்பெனியின் மூன்றாம் மாடிக் கூட்ட அறையில், 'உத்வேகப் பொத்தானை'க் கண்டுபிடித்தது. இந்த வரிசையில் இடம்பெற்றது நெருப்புக்கும் சக்கரத்துக்கும் கிடைத்த பெருமை என்றே கம்பெனியின் விளம்பரப் பிரிவு கருதுகிறது.

கண்டுபிடித்தவர் பெயர் கனெமோரி. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அந்தக் கம்பெனியில் இன்ஜின் வடிவமைத்துக்கொண்டிருந்தவர். 'வடிவமைத்துக்கொண்டிருந்தவர்' என்பது ஒரு மரியாதைக்குச் சொல்வது. அந்த நாட்டில் சின்னக் கார் என்றால் இன்ஜின் அறுநூற்று அறுபது சிசியைத் தாண்டக் கூடாது. தாண்டாதவரை வரி குறைவு, மஞ்சள் நம்பர் பலகை, ஏழை எளியவர்களின் ஆசீர்வாதம். தாண்டிவிட்டால் அது பெரிய கார். குரே நகரத்து மலைச்சரிவுச் சந்துகளில் அதன் மூக்கு நுழைந்தாலும் இடுப்பு நுழையாது. ஆகவே இத்தனை ஆண்டுகளில் கனெமோரியின் இன்ஜின் வளரவில்லை. அதைச் சுற்றியிருந்த கார்தான் வளர்ந்தது.

காருக்கு 'ஹிபாரி' என்று பெயர். வானம்பாடி என்று பொருள். முதல் ஹிபாரி நிஜமாகவே வானம்பாடிதான். இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கித் திருப்பி வைத்துவிடலாம். அடுத்த ஹிபாரியில், தொப்பி போட்டவர்கள் தொப்பியைக் கழற்றாமலே உட்காரட்டும் என்று கூரையை உயர்த்தினார்கள். அதற்கடுத்ததில் தானாகத் திறக்கும் கதவு வந்தது. பிறகு முதுகைச் சூடாக்கும் இருக்கை வந்தது. குடை செருகக் குழாய் வந்தது. நான்கு பேர் உட்காரும் காரில் தம்ளர் வைக்க ஒன்பது குழிகள் வந்தன. "மீதி அஞ்சு தம்ளரும் யாருக்கு?" என்று கேட்ட கனெமோரிக்கு 'எதிர்கால நோக்கு இல்லாதவர்' என்ற பட்டம் வந்தது. எடை ஏறிக்கொண்டே போனது. ஏற்றத்தில்தான் வண்டி ஏறவில்லை.

இதைப் பற்றி ஆராய ஒரு வசந்த காலத்துக் காலையில் கூட்டம் கூடியது. தலைமை வகித்தவர் கம்பெனித் தலைவர் ஹமதானி. அப்பா தொடங்கிய கம்பெனியை அப்பாவின் நாற்காலியிலேயே உட்கார்ந்து நடத்துபவர். அவருக்கு வலப்புறம் விற்பனைப் பிரிவின் இபுகி, இடப்புறம் கணக்குப் பிரிவின் ஒகுடா. மேசையின் கோடியில், தண்ணீர்க் குடத்துக்கு அருகில், கனெமோரி.

"வாடிக்கையாளர்கள் என்ன சொல்றாங்க?" என்று தலைவர் கேட்டார்.

"மேட்டுல வண்டி ஏறலைன்னு சொல்றாங்க, தலைவரே" என்றார் இபுகி.

"அது நம்ம வண்டியோட குறையா, மேட்டோட குறையா?"

'மேடு குறித்து மேலும் ஆராயப்படும்' என்று குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

கனெமோரி மெல்ல எழுந்தார். "இன்ஜினப் பெரிசாக்க முடியாது. ஆனா டர்போ வெக்கலாம். காத்த அமுக்கி உள்ள அனுப்பினா, அதே இன்ஜின் இன்னும் நல்லா இழுக்கும்."

"விலை ஏறும்" என்றார் ஒகுடா, கண்ணைத் திறக்காமலே.

"வண்டி ஏறுமே!"

"கனெமோரி-சான், ஏதாவது ஒண்ணுதான் ஏறணும்னா என்ன ஏறணும்னு நெனைக்கிறீங்க?"

"வண்டி."

"லாபம்" என்றார் ஒகுடா. எல்லோரும் தலையசைத்தார்கள்.

அதன் பிறகு கூட்டம் நெடுநேரம் நடந்தது. இன்ஜினில் குறைந்த இழுவை கூட்டத்தில் குறையவில்லை. 'செயல்திறன் என்பது இன்ஜினில் இருக்கிறதா, மனத்தில் இருக்கிறதா?' என்ற கேள்வியை இபுகி எழுப்பினார். வண்டி வேகமாகப் போவதும் வேகமாகப் போவதுபோல் தோன்றுவதும் வாடிக்கையாளருக்கு ஒன்றுதானே என்றார். மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. பசி கனெமோரியின் நாக்கை அவிழ்த்துவிட்டது.

"அப்ப ஒண்ணு பண்ணலாமே" என்றார் எரிச்சலோடு. "ஒரு பொத்தான் வெச்சிடுவோம். அமுக்கினா ஸ்பீக்கர்ல புலி மாதிரி உறுமல் வரட்டும். விளக்கெல்லாம் செவப்பா எரியட்டும். சீட்டு நடுங்கட்டும். ஒரு விசிறி வெச்சு மூஞ்சில காத்த அடிப்போம். போதுமா?"

வேலை போயிற்று என்று கனெமோரி நினைத்தார். தலைவர் ஹமதானி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்கள் ஈரமாக இருந்தன.

"கனெமோரி-சான், இத்தனை வருஷமா நீங்க எங்க இருந்தீங்க?"

"இன்ஜின் பிரிவுல, தலைவரே."

"இனிமே அங்க இருக்க வேண்டாம்."

அப்படிப் பிறந்ததுதான் 'செயல்திறன் உணர்வு மேம்பாட்டுப் பிரிவு'. கனெமோரி அதன் தலைவர். கிண்டலாகச் சொன்னேன் என்று அவர் அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் இருபது ஆண்டுகளில் அவர் சொன்ன ஒன்றை அந்த மேசையில் உட்கார்ந்தவர்கள் முழுதாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த ருசி அவரை மயக்கிவிட்டது. தனி அறையும் ஜன்னலும் கொடுத்தார்கள். ஜன்னல் வழியே கடலும் துறைமுகத்துப் பாரந்தூக்கிகளும் தெரிந்தன. உறுமல் எந்தப் புலியுடையதாக இருக்க வேண்டும் என்று முடிவு செய்யவே ஒரு தனிக் கூட்டம் நடந்தது.

பொத்தான் தயாரானதும் பொதுமக்களில் சிலரை வரவழைத்து, தொழிற்சாலைக்குப் பின்னாலிருந்த சரிவில் வண்டியை ஓட்டச் சொன்னார்கள். அழுத்தாமல் ஒரு முறை, அழுத்தி ஒரு முறை. அழுத்தியபோது வண்டி பறந்ததாக எல்லோரும் சத்தியம் செய்தார்கள். பல் வைத்தியர் ஒருவர் பொத்தானுக்குப் பிறகு வாழ்க்கையையே வேறு கோணத்தில் பார்ப்பதாகச் சொன்னார். கனெமோரி மட்டும் ஒரு ஓரமாகக் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு இபுகியிடம் ஓடினார்.

"இபுகி-சான், பொத்தான அமுக்கினா வண்டி மெதுவாப் போகுது!"

"எல்லாரும் வேகமாப் போச்சுன்னுதானே சொல்றாங்க?"

"கடிகாரம் மெதுவான்னு சொல்லுது."

"கடிகாரமா வந்து வண்டி வாங்கப் போகுது?"

கனெமோரி பொறுமையாக விளக்கினார். ஸ்பீக்கருக்கும் விசிறிக்கும் நடுங்கும் சீட்டுக்கும் மின்சாரம் வேண்டும். மின்சாரத்தை இன்ஜின்தான் தர வேண்டும். இன்ஜினோ சின்னது, மேட்டில் அதற்குத் தன் பாட்டைப் பார்ப்பதே பெரும்பாடு. உறுமவும் வேண்டும் இழுக்கவும் வேண்டும் என்றால் அது உறுமும், இழுக்காது.

இபுகி யோசித்தார். "அப்ப அமுக்காம இருந்தா வேகமாப் போகும்ங்கறீங்க?"

"ஆமா."

"ஒரே வண்டியில ரெண்டு குணம்! இத விளம்பரத்துல போடலாமே!"

புதிய ஹிபாரி சந்தைக்கு வந்தது. உத்வேகப் பொத்தானுக்காக விலையைச் சற்று உயர்த்தினார்கள். டர்போவுக்கு ஆகியிருக்கும் விலையைவிட அது அதிகம் என்பதை ஒகுடா ஒரு கூட்டத்தில் பெருமிதத்தோடு குறிப்பிட்டார். வாங்க வரிசை நின்றது. ஊழியர் சலுகையில் கனெமோரியின் வீட்டுக்கும் ஒன்று வந்தது.

அதை ஓட்டியவர் அவர் மனைவி ரிட்சுகோ. பேறுகாலம் பார்க்கும் செவிலி. வாயும் வயிறுமாக இருக்கும் பெண்களை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது அவர் வேலை. குரேயில் அந்த வீடுகளெல்லாம் மலைமேலோ, மலைக்கு அந்தப் பக்கமோதான் இருக்கும். போகிற வீட்டிலெல்லாம், "இந்தப் பொத்தான் என் வீட்டுக்காரர் கண்டுபிடிச்சது" என்று சொல்லிவிட்டுத்தான் பையையே திறப்பார். இரவுச் சாப்பாட்டின்போது அவர் இதைச் சொல்லக் கேட்கும்போதெல்லாம் கனெமோரி உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பார். திறந்த வாயில் ஒரு துண்டு முள்ளங்கி ஊறுகாயைப் போட்டு மூடிக்கொள்வார்.

ஆரஞ்சுத் தோட்டங்கள் பழுத்து நின்ற ஒரு பிற்பகலில், மலைக்கு அந்தப் பக்கம் சிப்பி வளர்க்கிறவர்களின் குப்பத்துக்கு ரிட்சுகோ போயிருந்தார். சயோ என்ற பெண்ணுக்கு இன்னும் நாள் இருந்தது. சும்மா பார்த்துவிட்டு வரத்தான் போனார். போய்த் தேநீர் குடிப்பதற்குள் சயோவுக்கு வலி வந்துவிட்டது. வந்த வேகம் ரிட்சுகோவுக்குப் பிடிக்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். குப்பத்துப் பாதையில் ஆம்புலன்ஸ் நுழையாது, மலையுச்சியில் அகலமான சாலை தொடங்கும் இடத்தில் காத்திருக்கிறோம், அதுவரை எப்படியாவது கொண்டு வந்துவிடுங்கள் என்றார்கள்.

சயோவைப் பின்சீட்டில் சாய்த்தார்கள். அவள் கணவன் கன்ஜி முன்னால் ஏறினான். சிப்பிக் கயிறுகளைக் கடலிலிருந்து இழுத்து இழுத்து, ஆள் இரண்டு பேர் கனம் இருப்பான். அவன் ஏறியதும் ஹிபாரி ஒரு பக்கம் பணிந்து வரவேற்றது.

"ரிட்சுகோ-சான், மேட்டுல ஏறிடுமா?"

"என் வீட்டுக்காரர் செஞ்ச வண்டிப்பா. ஏறாம என்ன?"

முதல் வளைவு வரை ஏறியது. இரண்டாவது வளைவில் மூச்சு வாங்கியது. மூன்றாவது வளைவில் ரிட்சுகோ சற்றும் தயங்காமல் பொத்தானை அழுத்தினார்.

வண்டி சிவந்தது. புலி உறுமியது. இருக்கைகள் கிடுகிடுவென்று ஆட, மூன்று பேர் முகத்திலும் காற்று அறைந்தது.

"ஐயோ, மெதுவா! மெதுவாப் போங்க!" என்று சயோ பின்னாலிருந்து கத்தினாள். "இவ்ளோ வேகம் தாங்காது!"

கன்ஜி ஜன்னல் வழியே பார்த்தான். கூடை நிறைய ஆரஞ்சு சுமந்துகொண்டு ஒரு பெண்மணி அதே திசையில் மேடேறிக்கொண்டிருந்தார். அவர் வண்டியைக் கடந்து போனார். போகிற போக்கில் தலைகுனிந்து வணக்கமும் சொன்னார்.

"நான் எறங்கிக்கறேன், பாரமாவது குறையும்" என்று கன்ஜி கதவைத் திறந்து இறங்கினான். வண்டியை நிறுத்த வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பின்ஜன்னலுக்குள் கையை விட்டு மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தான்.

"என்ன விட்டுட்டு எங்கயும் போயிடாதீங்க!"

"எங்க போறேன்? பக்கத்துலயே வர்றேன் பாரு."

"இவ்ளோ வேகமா ஓடற வண்டி கூட எப்படிங்க நடந்து வர்றீங்க?"

கன்ஜி ரிட்சுகோவைப் பார்த்தான். ரிட்சுகோ சாலையைப் பார்த்தார். "உன்மேல இருக்கற பாசத்துல நடக்கறேன்" என்றான் கன்ஜி.

அடுத்த வளைவில் எதிரே வண்டி வருகிறதா என்று முன்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தான். அப்போதும் ஹிபாரி அந்த வளைவுக்கு வந்து சேரவில்லை. உச்சி கண்ணுக்குத் தெரிந்தது. ஆம்புலன்ஸின் வெள்ளைக் கூரையும் தெரிந்தது. ஆனால் சயோவின் குரல் மாறிவிட்டது. ரிட்சுகோவுக்கு அந்தக் குரல் தெரியும். ஆரஞ்சுப் பைகளைத் தொங்கவிட்டு, காசு போட உண்டியல் வைத்திருந்த ஆளில்லாக் கடை ஓரமாக வண்டியை நிறுத்தி, பிரேக்கை இழுத்து, எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் பின்சீட்டுக்குப் போனார்.

குழந்தை பிறந்தது. அழவில்லை. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. முகம் நீலம் பாரித்திருந்தது. ரிட்சுகோவின் விரல்கள் கொடியைத் தளர்த்தி எடுத்தன. குழந்தையைக் கவிழ்த்து முதுகைத் தேய்த்தார். கன்ஜி தார்ச்சாலையில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டான். அந்தச் சாலையில் அப்போது எந்தச் சத்தமும் இல்லை. பிறகு குழந்தை வீறிட்டது. உச்சியை நெருங்கிவிட்டிருந்த கூடைக்காரப் பெண்மணி அங்கிருந்து திரும்பிப் பார்த்தார்.

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம்.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது ரிட்சுகோ கேட்டார். "ஏங்க, ஒண்ணு கேக்கறேன். பொத்தான அமுக்கினப்புறந்தான் அந்தக் கன்ஜி வண்டிய முந்திட்டுப் போனான். அவன் நடைதான் அப்படியா, இல்ல..."

கனெமோரி சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார். ஊறுகாய்க் கிண்ணம் எட்டாத தூரத்தில் இருந்தது.

"அமுக்கினா... கொஞ்சம் மெதுவாப் போகும்."

"என்னது?"

"மேட்டுல மட்டும்."

"வேகப் பொத்தான அமுக்கினா மெதுவாப் போகுமா?"

"அது வேகப் பொத்தான் இல்ல. உத்வேகப் பொத்தான்."

ரிட்சுகோ சோற்றுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். "குழந்தை கழுத்துல கொடி சுத்தியிருந்துச்சு. அழல. ஊரெல்லாம் உங்களப் பத்திப் பெருமை பேசிட்டுத் திரிஞ்சேனே, ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

கனெமோரி எழுந்து பாத்திரங்களைக் கழுவினார். கழுவிய பாத்திரங்களையே மறுபடியும் கழுவினார்.

மறுநாள் காலை நேராகத் தலைவரின் அறைக்குப் போனார். பொத்தானை எடுத்துவிட வேண்டும், அல்லது தன்னை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லத் தயாராகப் போனார். அங்கே தலைவரும் இபுகியும் ஹிபாரியில் குழந்தை பிறந்த செய்தி வந்திருந்த உள்ளூர்ச் செய்தித்தாளை விரித்துவைத்து, கைகோத்து நின்றார்கள்.

"கனெமோரி-சான்!" இபுகி ஓடி வந்து அவர் தோளைப் பிடித்தார். "மூணு பேர் ஏறினாங்க, நாலு பேர் எறங்கினாங்க! ஓடிட்டிருக்கும்போதே ஆள் எண்ணிக்கையக் கூட்டற வண்டி உலகத்துல வேற எங்கயாவது இருக்கா?"

"வண்டி நின்னுட்டுதானே இருந்தது?"

"அது இன்னும் விசேஷம். நிக்கும்போதே இவ்ளோ செயல்திறன்!"

"அந்தக் குழந்தை செத்துப் போயிருக்கும், இபுகி-சான். பொத்தான எடுத்திடணும்."

தலைவர் ஹமதானி முகத்தில் கவலை படர்ந்தது. தன் ஊழியர் ஒருவர் வேலைப் பளுவால் களைத்துப் போயிருப்பதை அவர் உணர்ந்தார். "போய் ரெண்டு நாள் லீவு எடுங்க" என்றார் கனிவாக. "திரும்பி வந்ததும் ரெண்டாவது பொத்தான் பத்திப் பேசுவோம்."

ஹிபாரிக்குப் பாராட்டு விழா தொழிற்சாலை முற்றத்தில் நடந்தது. சிவப்பு வெள்ளைத் திரைகள் கட்டி, மேடை ஓரமாக ஒரு புதிய ஹிபாரியை ரிப்பன் சுற்றி நிறுத்தியிருந்தார்கள். செய்தியாளர்கள் வந்திருந்தார்கள். சயோவும் குழந்தையும் வீட்டில் ஓய்வெடுக்க, கன்ஜி மட்டும் ஒரு பெட்டி சிப்பியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். ரிட்சுகோவைப் பேச அழைத்திருந்தார்கள்.

"மேடையில உண்மையச் சொல்லப் போறேன்" என்று அவர் காலையிலேயே கணவரிடம் சொல்லியிருந்தார். "உங்க வேலை போனாலும் போகும்."

"சொல்லு" என்றார் கனெமோரி. பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

ஆனால் முதலில் தலைவர் பேசினார். சின்னக் கார் என்பது ஏழைகளின் வாகனம் என்றார். ஏழைகளின் உயிர் தங்களுக்குத் தங்கம் என்றார். "ஓர் உயிருக்கு ஆபத்துன்னா, இந்த நாட்டுலயே நீங்க நம்பி ஏற வேண்டிய வண்டி ஹிபாரிதான்!" என்று முடித்தார். கைதட்டல் ஓய்ந்ததும், புதிய உயிரைக் கொண்டாடும் விதமாக, பசையரிசியை உரலில் இடித்து உருட்டிய மோச்சியைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். படம் எடுப்பவர்கள், "ஒரு வாய் கடிங்க, தலைவரே" என்றார்கள். தலைவர் கடிக்கவில்லை, கம்பெனியின் பரந்த மனத்துக்கு ஏற்றபடி முழுதாக வாயில் போட்டார்.

அரிசி மோச்சி பிசின் மாதிரி. போன இடத்தில் ஒட்டிக்கொண்டது. தலைவர் சிரித்தபடியே நின்றார். பிறகு சிரிப்பு நின்றது, மூச்சும் நின்றது. கண்கள் பிதுங்கின. இரண்டு கைகளாலும் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரிக்கு!" என்று ஒகுடா அலறினார். "வண்டி! யாராவது வண்டிய எடுங்க!"

எல்லோருக்கும் முன்னால் கனெமோரிதான் ஓடினார். ரிப்பனை அறுத்தெறிந்துவிட்டு ஹிபாரியைக் கிளப்பினார். மேடைப் படிக்கே கொண்டுவந்து நிறுத்தி, பின்கதவைத் திறந்துவிட்டு, பொத்தானை அழுத்தினார். வண்டி சிவந்தது. புலி உறுமியது.

"ஏறுங்க, தலைவரே!" என்றார். அவர் குரலில் எள்ளளவும் கிண்டல் இல்லை.

தலைவர் திறந்திருந்த கதவைப் பார்த்தார். நீலம் பாரித்த முகத்தை வேகமாக இடமும் வலமும் ஆட்டினார். இபுகியும் ஒகுடாவும் ஆளுக்கொரு கையைப் பிடித்து உள்ளே ஏற்றப் பார்த்தார்கள். அவர் ஒரு காலை ஹிபாரியின் கதவில் ஊன்றிக்கொண்டு உதறினார். ஒரு கை விடுபட்டது. அந்தக் கை வெளிவாசலைச் சுட்டிக்காட்டியது.

அதற்குள் ரிட்சுகோ மேடைப் படிக்கு வந்துவிட்டார். தலைவரை முன்னால் குனிய வைத்து, ஒரு கையால் மார்பைத் தாங்கி, மறு கையால் தோள்பட்டைகளுக்கு நடுவே அடித்தார். ஒரு முறை. இன்னொரு முறை. மூன்றாவது அடி, கனெமோரியின் பல மாத ஊறுகாய்க்கும் சேர்த்து விழுந்தது. மோச்சி வெளியே பாய்ந்து ஹிபாரியின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது.

தலைவர் மூச்சை இழுத்தார். செய்தியாளர்கள் ஒலிவாங்கிகளை நீட்டினார்கள். மரணத்தின் வாசலிலிருந்து திரும்பிய அந்த மனிதர் முதலில் என்ன சொல்லப்போகிறார் என்று முற்றமே காது கொடுத்தது.

"அதுல வேண்டாம்! மேடு இருக்கு, செத்துருவேன்! வெளியில என் மூவாயிரம் சிசி நிக்குது, அத எடு!"

ரிட்சுகோ தன் பேச்சை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். இனிச் சேர்க்க வேண்டியது ஒன்றும் இல்லை.

குசுனொகி கம்பெனி ஹிபாரியின் செயல்திறன் பற்றி இதுவரை எத்தனையோ ஆய்வுரைகளை வெளியிட்டிருக்கிறது. சுருக்கத்திலும் தெளிவிலும் தலைவர் ஹமதானியின் இந்த உரைக்கு அவற்றில் எதுவும் ஈடாகாது. மற்றவையெல்லாம் அடுத்தவர் உயிரை வைத்துச் செய்த ஆய்வுகள். இது ஒன்றுதான் அவர் தம் சொந்த உயிரை வைத்துச் செய்தது.